தேர்தல் ஞாயிறன்று போட்ட தளம்

கிரேக்க நாட்டின் லிகோரெமாவில் வீடு கட்டுகிறவர்கள் நல்ல நாள் பார்ப்பது தேர்தல் தேதியை வைத்துத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரிலுள்ள போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் ஓட்டுப்பெட்டிக்குக் காவலாகப் பள்ளிக்கூடத்தில் நிற்பார்கள். கட்டட அலுவலகத்துக்காரர்கள் அவரவர் சொந்த ஊருக்கு ஓட்டுப் போடப் போயிருப்பார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அலுவலகம் பூட்டியதும் முட்டு கொடுக்க ஆரம்பிப்பார்கள். சனிக்கிழமை பலகை அடித்துக் கம்பி கட்டி முடிப்பார்கள். ஞாயிறு காலை கான்கிரீட் லாரி வரும். திங்கட்கிழமை புது அரசாங்கமும் புது மாடியும் சேர்ந்தே எழுந்து நிற்கும். அதன் பிறகு எந்த அரசாங்கமும் எந்த மாடியையும் இடித்ததில்லை.

பெரிக்ளிஸ் தராவெலாஸ் இதை முப்பத்தொரு வருஷமாக ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தின் இரண்டாவது வகுப்பறையில், ஓட்டுப்பெட்டிக்கு வலது பக்கம் போட்ட நாற்காலியில், அவர்தான் வலதுசாரிக் கட்சியின் பூத் ஏஜென்ட். ஜன்னலுக்கு வெளியே மலைச்சாலை. லாரிகள் ஒவ்வொன்றாக இறங்கி வரும். லாரி எந்தத் தெருவுக்குத் திரும்புகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார். திங்கட்கிழமை கட்டட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவார், தன் பெயரையும் விலாசத்தையும் போட்டு. ஒரு கடிதத்துக்கும் பதில் வந்ததில்லை.

அவருடைய அப்பா போலீஸ்காரராக இருந்தவர். சைக்கிளில் விளக்கில்லாமல் வந்த சொந்தத் தம்பிக்கே அபராதம் எழுதிக் கொடுத்த மனுஷர். ஊரே சிரித்தது. பெரிக்ளிஸ் அப்போது சின்னப் பையன்; அவன் சிரிக்கவில்லை. நாடு, சட்டம், குடும்பம் என்று மூன்று வார்த்தைகளைக் கட்சி மேடையில் சேர்த்துச் சொல்வார்கள். அந்த மூன்றும் ஒரே வீட்டில் குடியிருப்பவை என்று அவர் வளர்ந்த பிறகும் நம்பினார். இடதுசாரிகள் வந்தால் நாடு கெட்டுப்போகும், நம்ம ஆட்கள் வந்தால் ஒழுங்கு வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

குழாய், திருகு, ஆணி, சிமென்ட் விற்கிற கடை வைத்திருந்தார். அந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் கடைக்காரர் முதலில் கேட்கிற கேள்வி, "ரசீதோடயா, இல்லாமலா?" என்பதுதான். ரசீது இல்லையென்றால் வரி இல்லை, விலை குறையும். பெரிக்ளிஸ் கடையில் அந்தக் கேள்வி கிடையாது. ஒரு பிடி ஆணி வாங்கினாலும் ரசீது கிழித்துக் கையில் கொடுப்பார். வாங்குகிறவர்கள் வெளியே போய் அதைக் கசக்கிப் போடுவார்கள். பாதிப் பேர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள். நாடு கடனில் மூழ்கிய வருஷம் வீட்டு வரியைக் கரண்ட் பில்லோடு சேர்த்து அனுப்பினார்கள். பில் வந்த அன்றே வரிசையில் முதல் ஆளாக நின்று கட்டினார்.

"கட்டுறவன் ஒருத்தனாவது இருந்தாத்தான் அது நாடு" என்றார் மச்சினன் ஸராஃபிமிடம்.

"அந்த ஒருத்தர் நீங்கதான் அத்தான். அதான் வருஷா வருஷம் தேடி வந்து உங்ககிட்டயே கேக்குறாங்க" என்றான் ஸராஃபிம்.

ஸராஃபிம், அவர் மனைவி கலியோப்பிக்குத் தம்பி. இரண்டு கான்கிரீட் லாரிகளுக்குச் சொந்தக்காரன். கணக்குப்படி அவன் பரம ஏழை. வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் இருந்தது. வரி அலுவலகத்தார் மேலிருந்து படம் எடுத்தால் புல்தரை மாதிரித் தெரியட்டும் என்று அதன்மேல் பச்சைத் துணி விரித்து வைத்திருந்தான். அத்தானை அவன் கேலி செய்வானே தவிர, அவர்மேல் அவனுக்கு ஒரு பயமும் இருந்தது. அவர் எதிரே உட்கார்ந்தால் சிகரெட்டை அணைத்துவிடுவான்.

கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பெரிக்ளிஸ் முறையாக அனுமதி வாங்கி ஒரு தள வீடு கட்டினார். மொட்டை மாடியில் தூண் கம்பிகளை வெட்டாமல் நீட்டி விட்டார். அந்த ஊர் வழக்கம் அது. பெண் பிறந்து பெரியவளானால் அவளுக்கு மேலே ஒரு தளம். பெண் பிறந்தாள். ஆர்யிரோ என்று பெயர் வைத்தார்கள். நர்ஸ் படிப்பு படித்தாள். நாடு மூழ்கிய வருஷத்தில் வேலை தேடி ஜெர்மனிக்குப் போனாள். அங்கேயே நிகிஃபோரோஸ் என்ற நம்மூர்ச் சமையல்காரனைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தையும் பெற்றாள். கம்பிகள் துருப்பிடித்துச் சிவந்து நின்றன.

அவள் போன வருஷமே பெரிக்ளிஸ் மாடிக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். அளக்க வந்த சர்வேயர் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையைப் பார்த்தான். வருஷத்தில் பத்து நாள் தண்ணீர் ஓடினால் அதிகம்.

"இதை வரையணுமா சார்?"

"இருக்குதுல்ல? வரை."

"பக்கத்து ஓட்டல்காரர் வரைய வேண்டாம்னுட்டார். அந்தப் பக்கத்து மூணு வீடும் அப்படித்தான். இந்த ஓடை உங்க வரைபடத்துல மட்டும்தான் ஓடும்."

"அதுக்காக இருக்கறதை இல்லைன்னு சொல்ல முடியுமாப்பா?"

சர்வேயர் தோளைக் குலுக்கிவிட்டு நீல மையில் ஒரு கோடு இழுத்தான். அந்தக் கோட்டால் கோப்பு கட்டட அலுவலகத்திலிருந்து ஓடைத் துறைக்குப் போனது. ஓடைத் துறை வனத்துறையைக் கேட்டது. வனத்துறை, தன்னுடைய வரைபடம் இன்னும் தயாராகவில்லை என்று எழுதியது. ஒன்பது வருஷம் ஓடியது. இதற்கிடையில் வரிப் படிவத்தில், 'மேலே கம்பி நீட்டியிருக்கிறது, தளம் முடிக்கப்படவில்லை' என்று பெரிக்ளிஸ் உள்ளது உள்ளபடி எழுதினார். முடிக்கப்படாத தளம் என்று பதிந்து அதற்கும் வரி போட்டார்கள். வரி அலுவலகத்துக்கு அந்த மாடி இருந்தது. கட்டட அலுவலகத்துக்கு அது கட்டவே கூடாத மாடி. பெரிக்ளிஸ் இல்லாத மாடிக்கு ஒன்பது வருஷம் வரி கட்டினார்.

ஒன்பதாம் வருஷம் மே மாதம் ஆர்யிரோ போன் பண்ணினாள். ஊர் சுகாதார நிலையத்துக்கு நர்ஸ் வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தாள். பட்டியலில் பெயர் வந்துவிட்டது. செப்டம்பரில் சேர வேண்டும்.

"ஆனா எங்கப்பா தங்கறது? வாடகைக்கு ஒரு வீடு இல்ல. எல்லாத்தையும் சுற்றுலாக்காரங்களுக்கு நாள் கணக்குல விடறாங்க. உங்க ரெண்டு ரூம்ல அஞ்சு பேர் எப்படி இருக்கறது?"

"மாடி வந்துரும்மா."

"ஒன்பது வருஷமா வந்துட்டே இருக்கு. இங்க ஒரு ஃபிளாட் பார்த்து வச்சிருக்கார் இவர். பேங்க்ல ஜூலை கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணும். போட்டுட்டா அப்புறம் முப்பது வருஷம் இங்கதான்." பிறகு சொன்னாள், "திருட்டுத்தனமா மட்டும் எதுவும் வேண்டாம்ப்பா. சின்னப் புள்ளையில உங்களை நெனச்சா எனக்கு வெக்கமா இருக்கும். ரசீதுக்காரர் பொண்ணுன்னு ஸ்கூல்ல கூப்பிடுவாங்க. இங்க வந்தப்புறம்தான் புரியுது. எம் பொண்ணு உங்க பக்கத்துல வளரணும்."

அந்த வார்த்தையைப் பெரிக்ளிஸ் அன்று முழுக்க உள்ளுக்குள் வைத்துச் சப்புக்கொட்டினார்.

ஜூன் மாதம் தேர்தல் அறிவித்தார்கள். ஜூலை முதல் ஞாயிறு ஓட்டு. தொகுதியில் அவர் கட்சி சார்பில் மறுபடியும் நின்றவர் எம்.பி. மெலேதிஸ். எட்டுத் தேர்தலில் பெரிக்ளிஸ் அவருக்காகச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு உதவி கேட்டதில்லை. மகனுக்கு வேலை, மருமகனுக்கு இடமாற்றம் என்று ஊரே அவர் அலுவலகத்து வாசலில் நிற்கும்போது பெரிக்ளிஸ் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இந்தத் தடவை கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

மெலேதிஸ் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். கோப்பைத் திறந்து பார்த்தார். நீலக் கோட்டின்மேல் விரலை வைத்துச் சிரித்தார்.

"அண்ணே, இதை யாரு வரையச் சொன்னது?"

"நான்தான்."

"ஐயோ அண்ணே."

"எனக்குச் சலுகை எதுவும் வேண்டாம். ஒன்பது வருஷமாக் கெடக்கு. முடியும்னா முடியும்னு சொல்லச் சொல்லுங்க, முடியாதுன்னா முடியாதுன்னு எழுத்துல கொடுக்கச் சொல்லுங்க. அது போதும்."

மெலேதிஸ் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எழுத்துல கேட்டா முடியாதுன்னுதான் வரும். ஓடையைக் காட்டிட்டீங்களே. நான் சொல்றதக் கேளுங்க. ஞாயித்துக்கிழமை தளத்தைப் போட்டுருங்க. நாம வந்ததும் அனுமதியில்லாத பழைய கட்டடத்தை முறைப்படுத்தற சட்டம் ஒண்ணு வருது. மார்ச் வாக்குல வந்துரும், நானே அந்தக் குழுவுல இருக்கேன். பழைய கட்டடம்னு ஒரு உறுதிமொழிக் கடிதம், கொஞ்சம் அபராதம், ஒரு நம்பர் கொடுப்பாங்க. முடிஞ்சது."

"பழைய கட்டடம் இல்லையே."

"அண்ணே, எல்லாரும் அதைத்தானே எழுதறாங்க?"

"நீங்க... சட்டம் போடற எடத்துல இருக்கறவரு..."

"அதனாலதான் தைரியமாச் சொல்றேன்" என்றார் மெலேதிஸ். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. உண்மையிலேயே உதவி செய்கிற சந்தோஷம்தான் இருந்தது. பெரிக்ளிஸைத் தூக்கிவாரிப்போட்டது அதுதான். லஞ்சம் கேட்டிருந்தால்கூட அவர் எழுந்து கத்தியிருப்பார்.

வீட்டுக்கு வந்து கலியோப்பியிடம் சொன்னார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்புறம் என்ன? உங்க கட்சியே சொல்லுது."

"கட்சி சொன்னா சரியாயிருமா?"

"முப்பது வருஷமா கட்சி சொன்னதுதான் சரின்னு எங்கிட்டச் சண்டை போட்டீங்களே!" அவள் குரல் உடைந்தது. "நான் ஒண்ணும் நீச்சல் குளம் கேக்கல. பேத்தியை ரெண்டு வருஷத்துல ஒன்பது நாள் பாத்திருக்கேன். ஊர்ல ஒருத்தரும் உங்களுக்கு மாலை போடல. திருடனுக்கெல்லாம் பேரப்புள்ளைங்க மாடியில ஓடுது. நமக்குக் கம்பிதான் நிக்குது. உங்க நாணயத்தை வச்சு நான் என்ன பண்ண, அதைத் தூக்கிக் கொஞ்சவா?"

நாடு, சட்டம், குடும்பம் என்ற மூன்றில் ஏதாவது ஒன்றைக் கைவிட வேண்டிவரும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. நாலு நாள் கடையைத் திறந்து மூடினார். ஐந்தாம் நாள் காலையில் ஸராஃபிமுக்குப் போன் பண்ணி, "மாப்ளே, ஞாயித்துக்கிழமை லாரி இருக்கா?" என்று கேட்டார்.

"உங்களுக்கா அத்தான்?" என்றான் ஸராஃபிம், யாரோ செத்த செய்தி கேட்டவன் மாதிரி.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஆர்யிரோகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கே பெரிக்ளிஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். வீட்டில் இருந்து பார்க்க அவருக்குத் திராணி இல்லை. வகுப்பறை வாசலில் ஒரு இளம் போலீஸ்காரன் நின்றான். வடக்கே மலைப்பகுதிக்காரன், பெயர் யானிஸ் சிகூரிஸ், இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வெயிலிலும் தொப்பியைக் கழற்றாமல் நின்றான். பெட்டிக்கு இடது பக்கம் ஃபோதினி டீச்சர், இடதுசாரிக் கட்சியின் ஏஜென்ட், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து பதினான்கு தேர்தல்கள் ஆகின்றன.

ஒன்பது மணிக்குப் பெரிக்ளிஸின் ஒன்றுவிட்ட அக்கா அடையாள அட்டை இல்லாமல் வந்தாள்.

"அட்டை எங்கக்கா?"

"வீட்ல இருக்கு. ஏண்டா, என்னைத் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும். பெட்டிக்குத் தெரியாது. போய் எடுத்துட்டு வா."

"உன் கட்சிக்குத்தானடா போட வந்தேன்!"

"அதை இங்க சொல்லவே கூடாது. போக்கா."

அக்கா திட்டிக்கொண்டே போனாள். வாசலில் நின்ற போலீஸ்காரன் சிகூரிஸ் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து பெரிக்ளிஸின் மேஜையில் வைத்தான். "உங்களுக்கு வெயில் நேரா விழுதுங்கய்யா" என்று ஜன்னல் கதவைப் பாதி சாத்திவிட்டும் போனான்.

பத்து மணிக்கு முதல் லாரி இறங்கியது. ஸராஃபிமின் லாரி. கதவு பாதி சாத்தியிருந்தாலும் சத்தம் கேட்டது.

"ஆரம்பிச்சாச்சு" என்றார் ஃபோதினி டீச்சர். "பெரிக்ளிஸ், பேப்பர் எடுக்கலையா? நாளைக்குக் கடிதம் எழுதணுமே." எட்டிப் பார்த்தவர், "யார் வீட்டுக்கு? கோயிலைத் தாண்டிருச்சு... கீழ்த்தெரு..." என்று சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தினார்.

அறையில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. தேர்தல் அதிகாரி, எழுத்தர், வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும். டீச்சர் அதை வைத்து அவரைப் பிய்த்துத் தின்பார் என்று பெரிக்ளிஸ் காத்திருந்தார். டீச்சரோ கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். அதை அவர் வாங்கிக்கொண்டார். கிண்டல் செய்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மூன்றரை மணிக்கு சிகூரிஸின் போன் அடித்தது. பேசிவிட்டு உள்ளே வந்தான். எழுத்தரிடம் கேட்டான், "ஐயா, கீழ்த்தெருவுல தராவெலாஸ்னு யாரு? அனுமதியில்லாமத் தளம் போடறதா ஸ்டேஷனுக்குப் புகார் வந்திருக்கு. எனக்கு மாற்று ஆளை அனுப்பியாச்சாம், போய்ப் பாக்கச் சொல்றாங்க."

யார் புகார் பண்ணியது என்று இன்றுவரை தெரியாது. எழுத்தர் பட்டியலைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். அவர் மூன்று தேர்தலுக்கு முன் மாடி கட்டியவர்.

"தராவெலாஸ்னு நாலஞ்சு குடும்பம் இருக்கும்" என்றார் தேர்தல் அதிகாரி.

"கீழ்த்தெரு ரொம்ப நீளம் தம்பி" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"பாதிப் பேரு ஏதென்ஸ்ல இருக்காங்க" என்றார் ஃபோதினி டீச்சர், பதினான்கு தேர்தலாகப் பெரிக்ளிஸோடு ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்.

வலதும் இடதும் அந்த அறையில் ஒன்றானது அப்போதுதான். பெரிக்ளிஸின் சட்டைப் பையில் 'பெ. தராவெலாஸ்' என்று எழுதிய ஏஜென்ட் அட்டை குத்தியிருந்தது. அவர் கை தானாக எழுந்து அதை மறைத்தது. கை அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சிகூரிஸ் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, "சரி, கேட்டுப் போய்க்கறேன்" என்று வெளியேறினான்.

ஐந்து நிமிஷம் பெரிக்ளிஸ் உட்கார்ந்து பார்த்தார். பிறகு இளைஞர் அணிப் பையன் ஒருவனைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எழுந்தார். முப்பத்தொரு வருஷத்தில் பெட்டியை விட்டு அவர் பாதியில் எழுந்தது அன்றுதான்.

குறுக்குச் சந்து வழியாக ஓடாத குறையாக நடந்து தெருமுனை திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். தளம் போட்டு முடிந்திருந்தது. அது அவர் எதிர்பார்த்தது. அதற்கு மேலே, தூண் கம்பிகளுக்கு நடுவே கயிறு கட்டி, வரிசையாகச் சட்டைகளும் கைக்குட்டைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. புது வீட்டுக்குத் தளம் போட்டு முடித்தால் வேலைக்காரர்களுக்குச் சொந்தபந்தமும் அக்கம்பக்கமும் துணி எடுத்துக் கொடுத்துக் கயிற்றில் கட்டுவது வழக்கம். கட்டுகிறபோது கொத்தனார் கொடுத்தவர் பெயரைச் சொல்லி வீட்டை வாழ்த்துவார். திருட்டுத்தனமாகப் போடுகிற தளத்துக்கு யாரும் கட்டுவதில்லை. கலியோப்பிக்கு அதெல்லாம் தோன்றவில்லை. பெண்ணுக்கு வீடு எழும்புகிறது, துணி கட்டாமல் விட்டால் குடி விளங்காது என்று கட்டிவிட்டாள். தெருவே சட்டையோடு வந்திருந்தது. முப்பதுக்கு மேல் இருக்கும். கடற்காற்றில் கொடி மாதிரி படபடத்தன.

கீழே சிகூரிஸ் கையில் படிவம் செருகிய எழுத்து அட்டையோடு நின்றிருந்தான். ஸராஃபிம் அவன் முன்னால் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

"பழைய தளம் தம்பி. ஒழுகுது. மேல ஒரு பூச்சுப் பூசறோம், அவ்வளவுதான்."

"கீழ இவ்வளவு முட்டு எதுக்கு?"

"பூசற கனத்துல பழைய தளம் எறங்கிரக் கூடாதுல்ல?"

சிகூரிஸ் அண்ணாந்து கயிற்றைப் பார்த்தான். "எங்க ஊர்லயும் இதைக் கட்டுவாங்க. ஒழுகலுக்குப் பூசுனாக் கட்ட மாட்டாங்க."

அப்போதுதான் சிகூரிஸ் திரும்பினான். சந்து முனையில் நின்றவரைப் பார்த்தான். சட்டைப் பையில் இருந்த அட்டையைப் படித்தான். அவன் காதுகள் சிவந்தன.

"நீங்களாங்கய்யா?"

"நான்தான்."

"உள்ள கேட்டேனே."

"கேட்டீங்க."

கொத்தனார்கள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். கலியோப்பி வாசற்படியில் நின்றாள், கையில் கறித் தட்டு. சிகூரிஸ் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"ஐயா, இன்னிக்குப் போட்டதுன்னா நான் இப்பவே சீல் வைக்கணும். அப்புறம் ஒரு செங்கல் ஏத்த முடியாது, கோர்ட்டுக்குப் போயிரும். பழசு, பழுது பாக்கறதுன்னா அப்படி எழுதிக்கிட்டுப் போயிருவேன். இவர் சொல்றதை என்னால எழுத முடியாது." ஸராஃபிமைக் கண்ணால் காட்டினான். "காலைலேர்ந்து உங்களைப் பாத்துட்டு இருந்தேன். நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதை எழுதறேன்."

அவன் கண்ணில் தந்திரம் இல்லை. நேராக நின்று காத்திருந்தான். 'இன்னிக்குத்தான்' என்று இவர் சொல்லிவிட வேண்டும் என்று அவன் ஆசைப்படுவது மாதிரிகூடப் பெரிக்ளிஸுக்குத் தோன்றியது. ஒரு வார்த்தை. சொன்னால் தளம் அப்படியே நிற்கும், சுவர் எழும்பாது. ஜூலை கடைசியில் ஆர்யிரோ அங்கே கையெழுத்துப் போடுவாள். கலியோப்பி எதுவும் கேட்க மாட்டாள். கேட்காமலே மீதிக் காலத்தை ஓட்டுவாள்.

இத்தனை வருஷமும் கிழித்த ரசீது, எழுதிய கடிதம், வரிசையில் நின்று கட்டிய வரி எல்லாம் சேர்ந்து அவருக்கு ஒரே ஒரு பலன் கொடுத்திருந்தது. அவர் சொன்னால் நம்புவார்கள். அதை எதற்கும் அவர் இதுவரை செலவழித்ததில்லை.

"பழைய தளம்தான்" என்றார் பெரிக்ளிஸ். "மழைக்கு ஒழுகுது."

அது ஜூலை மாதம். ஏப்ரலிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை.

சிகூரிஸ் இன்னும் ஒரு விநாடி அவரையே பார்த்தான். பிறகு குனிந்து எழுதினான். பேனா காகிதத்தில் அழுந்தி ஓடியது. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு நகலைக் கிழித்துக் கொடுத்தான். அவன் திரும்பும்போது கலியோப்பி கயிற்றின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை அவிழ்த்து மடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வெறுங்கையோட போகக் கூடாதுப்பா. வழக்கம். உன் அம்மா கொடுத்ததா நெனச்சுக்கோ."

"வேண்டாம்மா. டியூட்டில இருக்கேன்."

"அட, ஒரு சட்டைதானே!"

சிகூரிஸ் மறுபடி பெரிக்ளிஸைப் பார்த்தான், வாங்கலாமா என்று கேட்பதுபோல. பெரிக்ளிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சட்டையை வாங்கி மடித்து எழுத்து அட்டைக்கு அடியில் வைத்துக்கொண்டான். போகும்போது வணக்கம் சொல்லவில்லை.

"சிங்கம் அத்தான் நீங்க!" என்று ஸராஃபிம் அவர் தோளில் தட்டினான். பிறகு அவர் முன்னாலேயே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான்.

பெரிக்ளிஸ் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. பெட்டி திறந்து எண்ணுகிற நேரத்தில் அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். டி.வி.யைப் போட விடவில்லை. கலியோப்பியால் பொறுக்க முடியாமல் மகளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் சத்தமும் அழுகையும் குழந்தையின் சிரிப்பும் கேட்டன. போனை அவர் கையில் திணித்தாள்.

"அப்பா! நிஜமாவா? தளம் போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா."

"அப்ப அனுமதி வந்துருச்சா? ஒன்பது வருஷம் கழிச்சா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"வந்துருச்சு" என்றார். "போன வாரம்தான் வந்துச்சு. ஒரு பெரிய அதிகாரி நேர்லயே கூப்பிட்டுக் கொடுத்தாரு." கேட்காததையும் சேர்த்துச் சொன்னதை அவர் கவனித்தார்.

"பாத்தீங்களாப்பா? நேர்மையா நின்னா லேட்டாவாவது நடக்குது. இவர்கிட்ட இதத்தான் சொல்லிட்டு இருந்தேன். நம்பவே மாட்டேன்னாரு. நாளைக்கே பேங்க்ல வேண்டாம்னு சொல்லிடறோம்."

கலியோப்பி அவரைப் பார்க்காமல் தட்டுகளை அடுக்கினாள்.

மறுநாள் காலையில் ஐந்தரைக்கே எழுந்து ரப்பர் குழாயை மாட்டிக்கொண்டு மேலே ஏறினார். புதுத் தளத்துக்கு ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும், வெடிக்கக் கூடாது. கயிற்றிலிருந்த துணிகளைக் கொத்தனார்கள் அவிழ்த்துப் போயிருந்தார்கள். மேலிருந்து பார்த்தபோது ஊர் முழுக்க அங்கங்கே ஈரத் தளங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் குழாயோடு நின்றார். பக்கத்து ஓட்டல்காரர், பெரிக்ளிஸ் எத்தனையோ கடிதம் எழுதியும் அசையாதவர், தன் மாடியிலிருந்து கையைத் தூக்கி, "வேர் பிடிக்கட்டும்!" என்று வாழ்த்தினார். பெரிக்ளிஸும் கையைத் தூக்கினார்.

கீழே இளைஞர் அணிப் பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஹார்ன் அடித்தான்.

"அண்ணே! ஜெயிச்சுட்டோம்!"

"யாரு?" என்றார் பெரிக்ளிஸ்.

பையன் சிரித்தான். அண்ணன் விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டான். ஹார்னை அழுத்திக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போனான். தளத்தின் கிழக்கு மூலை காய்ந்து வெளுக்க ஆரம்பித்திருந்தது. பெரிக்ளிஸ் குழாயை அந்தப் பக்கம் திருப்பினார்.